ஆயில் குடிக்கிறது வண்டி, இன்ஜினை இறக்கலாமா?

வண்டிக்காரர் கேள்விகள். பதில் சொல்பவர் பொள்ளாச்சியில் 36 ஆண்டுகளாகப் பட்டறை நடத்தும் மெக்கானிக்.

என்னிடம் இருப்பது 1999 மாடல் மாருதி 800, கார்புரேட்டர் வண்டி. 1,34,000 கி.மீ. ஓடியிருக்கிறது. மாதம் இரண்டு தடவை மகள் வீட்டுக்கு வால்பாறை போய்வருவேன். ஒரு வருடமாக ஆயில் குறைகிறது, அடிக்கடி ஊற்றுகிறேன். காலையில் ஸ்டார்ட் செய்தால் நீலப் புகை வந்து இரண்டு நிமிடத்தில் நின்றுவிடும். மலை ஏறும்போது புகை இல்லை. இறங்கி ஆழியாறு வந்து ஆக்ஸிலேட்டரை மிதித்தால் மட்டும் பின்னால் வருகிறவர் ஹாரன் அடிக்கும் அளவுக்குப் புகை. எங்கள் மெக்கானிக் 'ரிங் போயிருச்சு சார், இன்ஜினை இறக்கிப் போர் போடணும், முப்பதாயிரம் ஆகும்' என்கிறார். வீட்டில் விற்றுவிடச் சொல்கிறார்கள். என்ன செய்வது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், உடுமலைப்பேட்டை

சார், 'ஆழியாறு வந்து மிதித்தால்' என்று எழுதினீர்களே, அந்த வரியைப் படித்ததும் எனக்குப் பாதி விஷயம் புரிந்துவிட்டது. உடுமலை பக்கம்தானே, வண்டியையே கொண்டுவாருங்கள் என்று ஆசிரியர் குழு மூலம் சொல்லி அனுப்பினேன். நீங்களும் வந்தீர்கள். அன்று நாம் பார்த்ததை மற்ற வாசகர்களுக்காக முதலிலிருந்து எழுதுகிறேன்.

இன்ஜினுக்குள் ஆயில் எரிய முக்கியமான வழி இரண்டு. பிஸ்டனைச் சுற்றி மாட்டியிருக்கும் வளையமான ரிங்கைத் தாண்டிக் கீழிருந்து மேலே ஏறலாம். அல்லது இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டிலிருந்து, வால்வு தண்டு ஏறி இறங்கும் குழலான கைடு வழியாகக் கீழே இறங்கலாம். அதைத் தடுக்கத்தான் கைடின் மேல் ரப்பர் சீல் இருக்கிறது. ரிங் என்றால் இன்ஜினைப் பிரித்துப் போட வேண்டும், போர் போட, அதாவது சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்க, லேத்துக்கு அனுப்ப வேண்டும். கைடும் சீலும் என்றால் ஹெட்டைக் கழற்றினால் போதும். செலவில் பெரிய வித்தியாசம். ஆனால் சைலன்சர் வழியாக வரும் புகை இரண்டுக்கும் ஒரே நிறம்தான். அதனால் புகை எப்போது வருகிறது என்று கேட்க வேண்டும்.

வால்பாறை ரோட்டில் 40 கொண்டை ஊசி வளைவு. இறங்கும்போது இரண்டாவது கியரில் போட்டு, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவீர்கள். கார்புரேட்டர் மூடியிருக்கிறது, சக்கரமோ இன்ஜினை வேகமாகச் சுற்றுகிறது. காற்று கிடைக்காமல் இன்ஜின் உறிஞ்சுகிற உறிஞ்சலில் காற்று உள்ளே போகும் குழாயான மேனிஃபோல்டில் வேக்குவம் உச்சத்துக்குப் போகும். வால்வு தண்டைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டிய ரப்பர் சீல் வெப்பத்தில் காய்ந்து கல் மாதிரி ஆகியிருந்தால், மேலே இருக்கும் ஆயிலை அந்த வேக்குவம் கைடு வழியாக உள்ளே இழுக்கும். மலைமேல் அட்டகட்டியிலிருந்து இழுத்துச் சேர்த்து வைத்ததெல்லாம் ஆழியாறு சமதளத்தில் நீங்கள் மிதித்ததும் ஒரே மூச்சில் எரிகிறது.

ரிங் மோசமாகத் தேய்ந்திருந்தால் மலை ஏறும்போதும், லோடு இழுக்கும்போதும் விடாமல் புகைய வேண்டும். உங்கள் வண்டி ஏற்றத்தில் சுத்தமாக இருக்கிறது. காலைப் புகையும் அதே பக்கம்தான் கைகாட்டுகிறது. ராத்திரி முழுக்க ஆயில் கைடு வழியாகச் சொட்டி உள்ளே தேங்கி நிற்கும், முதல் ஸ்டார்ட்டில் எரிந்து தீர்ந்துவிடும். ஒன்று சொல்லிவிடுகிறேன். இறக்கத்துப் புகையை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது, ரிங் போனாலும் இறக்கத்தில் கொஞ்சம் வரும். காலைப் புகையும் இருந்து, ஏற்றத்தில் புகை இல்லாமலும் இருந்ததால்தான் நான் சீலைச் சந்தேகப்பட்டேன்.

இந்தப் பாடம் எனக்கு ஓசியில் வரவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பிரீமியர் பத்மினி வந்தது. புகை. பார்த்த மாத்திரத்தில் 'போர்' என்று சொல்லிவிட்டேன். பிளாக்கைக் கோயம்புத்தூர் லேத்துக்கு அனுப்பிப் போர் போட்டு, ஓவர்சைஸ் பிஸ்டன், புது ரிங் எல்லாம் போட்டு இறக்கினேன். ஸ்டார்ட் செய்தால் அதே புகை! கைடெல்லாம் லொடலொடவென்று ஆடிக்கொண்டிருந்ததை நான் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஹெட்டை மறுபடி கழற்றி என் காசில் சரிசெய்து கொடுத்தேன். வண்டிக்காரர் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம் பட்டறைப் பக்கம் வரவும் இல்லை.

சரி, உங்கள் வண்டிக்கு வருவோம். நீங்கள் வந்ததும் நான் முதலில் கேட்டது, 'எத்தனை கிலோமீட்டருக்கு எவ்வளவு?' 'அடிக்கடி ஊற்றுகிறேன்' என்பது அளவு இல்லை சார். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, பத்து நிமிடம் விட்டு, கேஜ் கம்பியைத் துடைத்துச் சொருகிப் பார்க்க வேண்டும். மேல் கோடு வரை நிரப்பி, மீட்டர் எண்ணைக் குறித்துவைத்து, 1000 கி.மீ. கழித்து அதே இடத்தில் அதே மாதிரி பாருங்கள். பெரும்பாலான கார்களில் இரண்டு கோட்டுக்கும் நடுவே ஏறத்தாழ 1 லிட்டர். சில கம்பெனிகள் 1000 கி.மீ.க்கு 1 லிட்டர் வரை குறைந்தாலும் குற்றமில்லை என்றே புத்தகத்தில் போடுகின்றன. அது அவர்கள் தலை தப்புவதற்காகப் போட்டது என்பது என் எண்ணம். மாருதி 800-ன் மொத்த ஆயிலே மூன்று லிட்டருக்குள்தான். அதில் ஒரு லிட்டர் குறைந்தால் மிச்ச ஆயில் வேகமாகச் சூடாகும், சீக்கிரம் கெடும்.

இரண்டாவது, ஆயில் எரிகிறதா, ஒழுகுகிறதா? ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்துவைத்தால் காலையில் அது சொல்லிவிடும். உங்கள் வண்டியில் டேப்பட் கவர் கேஸ்கெட் கசிந்தது. டிஸ்ட்ரிபியூட்டர் உட்காருகிற இடமும் ஈரமாக இருந்தது. அதெல்லாம் சில்லறை. கிராங்க் சீல் கசிந்து டைமிங் பெல்ட்டில் ஆயில் படுகிறதா என்று மட்டும் கட்டாயம் பார்க்கச் சொல்வேன். ஆயில் பட்ட பெல்ட் சொல்லாமல் கொள்ளாமல் அறுந்துவிடும்.

மூன்றாவது, பிரீதர். இன்ஜினின் அடிப்பகுதியான கிராங்க் கேஸில் சேரும் காற்று வெளியேறி ஏர் ஃபில்டருக்குப் போகிற குழாய் அது. அது அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல இன்ஜினும் ஆயிலைத் துப்பும். ஒரு குழாயைக் கழுவி மாட்டியதோடு 'ஆயில் குடிக்கிற' வியாதி தீர்ந்து போன வண்டிகள் என் கணக்கில் நாலைந்து உண்டு. அந்த வேலைக்குக் காசு வாங்கக்கூட எனக்குக் கூச்சமாக இருந்தது. உங்கள் குழாய் சுத்தமாக இருந்தது. இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து பார்த்தோமே, லேசாகத்தான் காற்று வந்தது. ரிங் போன இன்ஜினில் ரயில் இன்ஜின் மாதிரி குப்குப்பென்று அடிக்கும், மூடியை வைத்தால் துள்ளும்.

அப்புறம் பிளக். மூன்றையும் கழற்றி வரிசை மாறாமல் துணி மேல் வைத்தேன். ஒன்றும் மூன்றும் காய்ந்த பழுப்பு. நடுப் பிளக் மட்டும் கறுத்து, எண்ணெய்ப் பிசுக்கோடு ஈரமாக வந்தது. இப்படி ஒரு சிலிண்டர் தனியாக மாட்டிக்கொண்டால் தேடல் பாதியாகக் குறைந்துவிடும்.

கடைசியாகத்தான் கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் மேலே வரும்போது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம். இதைப் பல இடங்களில் தப்பாக எடுக்கிறார்கள். இன்ஜின் சூடாக இருக்க வேண்டும், எல்லாப் பிளக்கும் வெளியே இருக்க வேண்டும், ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்திருக்க வேண்டும், பேட்டரி நல்ல சார்ஜில் இருக்க வேண்டும். இதில் எது குறைந்தாலும் எண் பொய் சொல்லும். உங்கள் வண்டியில் வந்தது 155, 148, 152. மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நடு சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி எடுத்தேன், 156. ரிங் தேய்ந்திருந்தால் அந்த ஆயில் இடுக்கை அடைத்து எண் நன்றாக ஏறியிருக்கும், 100 இருந்தது 140க்குக்கூடத் தாவும். உங்களுக்கு அப்படி ஏறவில்லை.

ஒரு விஷயம் மெக்கானிக் தம்பிகளுக்கு. கம்ப்ரஷன் நன்றாக இருப்பதால் மட்டும் ரிங் மேல் தப்பில்லை என்று சொல்லிவிட முடியாது. கம்ப்ரஷனைப் பிடிப்பது முக்கியமாக மேலே இருக்கும் இரண்டு ரிங். ஆயிலை வழிப்பது மூன்றாவது. அது கார்பன் பிடித்துச் சிக்கிக்கொண்டால் கம்ப்ரஷன் ஜோராக இருக்கும், ஆயில் மட்டும் போகும். அதனால்தான் சாரிடம், 'ஹெட்டை மட்டும் கழற்றுவோம், கைடு நன்றாக இருந்தால் அப்போது ரிங்கைப் பற்றிப் பேசுவோம்' என்றேன்.

கழற்றினோம். சீல் ஆறும் நகத்தால் கீறினால் பிளாஸ்டிக் மாதிரி இருந்தது, ஒன்று விண்டே வந்துவிட்டது. வால்வைச் சீட்டிலிருந்து விரல் அகலம் தூக்கிப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்ப்பது எங்கள் வழக்கம். நடு சிலிண்டர் இன்டேக் வால்வு பார்க்கிறவர் கண்ணுக்கே தெரிகிற மாதிரி ஆடியது. அதன் கைடையும், பக்கத்திலிருந்த இன்னொன்றையும் மாற்றினோம். அலுமினிய ஹெட் என்பதால் சூடாக்கித்தான் கைடை இறக்க வேண்டும், குளிர்ந்த ஹெட்டில் அடித்து இறக்கினால் ஓட்டை கீறிப்போகும். கைடு மாற்றினால் ரீமர் போட்டு, வால்வு சீட்டையும் மறுபடி வெட்டி, லேப்பிங் செய்தாக வேண்டும். கைடு ஒரு மயிரிழை நகர்ந்தாலும் வால்வு பழைய சீட்டில் ஒழுங்காக உட்காராது. சீல் வாங்கும்போது வைட்டான் ரப்பர் கேட்டு வாங்குங்கள், சூடு தாங்கும். ஹெட் கழன்ற கையோடு டைமிங் பெல்ட்டையும் மாற்றினோம். ஹெட் போல்ட்டை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று தவணையில், டார்க் ரெஞ்ச் வைத்துத்தான் முடுக்கினேன். கை அளவு போதும் என்கிறவரிடம் ஹெட் வேலையே கொடுக்காதீர்கள்.

நீங்கள் போன வாரம் போனில் சொன்ன கணக்குப்படி 1000 கி.மீ.க்கு 200 மில்லி குறைகிறது. 1,34,000 ஓடிய வண்டி அந்த அளவு கேட்கத்தான் செய்யும். விற்க வேண்டாம் என்று டீச்சரம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

எனது 2001 ஜென் காருக்கு ரிங் மாற்றி 600 கி.மீ. ஆகிறது. முன்பைவிட அதிகமாகப் புகைகிறது. 'செட் ஆகட்டும்' என்று சொல்லிப் பட்டறையிலேயே இரண்டு நாள், தினமும் மூன்று மணி நேரம் ஐடிலிங்கில் ஓடவிட்டார்கள். செய்த வேலை வீணா?
– வாசகர், தாராபுரம்

அந்த ஐடிலிங்தான் எனக்கு உதைக்கிறது. புது ரிங் சிலிண்டர் சுவரோடு பழகி உட்கார வேண்டுமானால் அதன் பின்னால் வாயு அழுத்தம் வேண்டும். இன்ஜின் லோடு இழுத்தால்தான் அந்த அழுத்தம் வரும். சும்மா ஓடவிட்டால் ரிங் வழுக்கி வழுக்கிச் சுவரைக் கண்ணாடி மாதிரி ஆக்கிவிடும். அதன்மேல் ஆயில் படலம் நிற்கும், ரிங்கால் அதை வழிக்க முடியாது.

உடனே பிரிக்கச் சொல்லாதீர்கள். காங்கேயம் ரோட்டில் நெரிசல் இல்லாத காலை நேரம் பாருங்கள். நான்காவது கியரில் 40-லிருந்து 70 வரை நன்றாக மிதித்து ஏற்றுங்கள், பிறகு காலை எடுத்து 40-க்கு வரவிடுங்கள். இதைப் பத்துப் பதினைந்து தடவை. மிதிக்கும்போது ரிங் சுவரில் அழுந்தும், விடும்போது ஆயில் வந்து தேய்ந்த துகளைக் கழுவும். சிந்தெடிக் ஆயில் ஊற்றியிருந்தால் வடித்துவிட்டுச் சாதாரண மினரல் 20டபிள்யூ-40 போடுங்கள். 2000 கி.மீ. வரை பொறுத்துப் பார்க்கலாம்.

அதற்கும் நிற்கவில்லை என்றால் வேலை செய்தவரிடம் போய்ச் சில கேள்வி கேளுங்கள், சண்டை வேண்டாம். போர் கேஜ் வைத்துச் சிலிண்டரை மேலே, நடுவில், கீழே என்று நீளவாக்கிலும் குறுக்கிலும் அளந்தாரா? பழைய சிலிண்டர் முட்டை வடிவத்தில் தேய்ந்திருக்கும், வட்டமான புது ரிங் அதில் எப்படிப் பொருந்தும்? ஹோனிங் போட்டு, அதாவது சிலிண்டர் சுவரைக் கல்லால் தேய்த்து, குறுக்குக் கோடு வரவைத்தாரா? போட்ட பிறகு எதில் கழுவினார்? பெட்ரோலில் துடைத்தால் கல் பொடி சுவரிலேயே தங்கிவிடும், சோப்பும் வெந்நீரும் போட்டுத் தேய்த்து, வெள்ளைத் துணியில் கறுப்பு வருவது நிற்கும் வரை கழுவ வேண்டும். ரிங்கில் குறியிட்ட பக்கம் மேலே பார்க்க மாட்டினாரா? இரண்டாவது ரிங்கைத் தலைகீழாகப் போட்டால் அது ஆயிலை வழிப்பதற்குப் பதில் மேலே வாரிக் கொடுக்கும். இந்தத் தப்பு நல்ல கைக்கும் நேர்ந்து நான் பார்த்திருக்கிறேன், சாயங்காலம் அவசரத்தில் மாட்டினால் இப்படித்தான்.

கடைசிக் கேள்வி: ஹெட்டைத் திறந்த அன்று வால்வு சீல் மாற்றினாரா? மாற்றவில்லை என்றால் மேலே உடுமலை சாருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கடையில் 'புகை நிறுத்தும்' டப்பா விற்கிறார்கள். ஊற்றலாமா? பிளக் ஓட்டை வழியாக மருந்து விட்டு ஊறவைத்தால் ரிங் சரியாகிவிடும் என்கிறார்களே?
– வாசகர், தேனி

டப்பாவில் இருப்பது பெரும்பாலும் ஆயிலைத் தடிப்பாக்கும் சரக்கு. நான் ஊற்றியதே இல்லை என்று சொன்னால் பொய். வண்டியை விற்கப் போகிறவர்கள் கேட்பார்கள். இப்போது ஊற்றுவதில்லை. அதே காசுக்கு 20டபிள்யூ-40 இடத்தில் 20டபிள்யூ-50 ஊற்றினாலே, உங்கள் ஊர் வெயிலுக்குக் கொஞ்சம் குறையும். அது நாள் தள்ளத்தான்.

ஊறவைப்பது வேறு கதை. ரிங் கார்பனில் ஒட்டிக்கொண்ட வண்டிக்கு, அதாவது வருடக்கணக்கில் ஷெட்டில் நின்றதற்கோ, ஆயில் மாற்றாமல் ஓட்டியதற்கோ, சில சமயம் பலன் உண்டு. தேய்ந்த ரிங்குக்கு ஒன்றும் ஆகாது. இரண்டு எச்சரிக்கை. ராத்திரி ஊறிய பிறகு பிளக்கை மாட்டாமலே, ஓட்டை மேல் துணி போட்டு, செல்ஃப் அடித்து மிச்ச மருந்தை வெளியேற்றுங்கள். திரவத்தை அழுத்த முடியாது, அப்படியே ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளையும். மருந்தில் ஒரு பங்கு ஆயிலோடு கலந்திருக்கும், அதனால் உடனே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள்.

என் பெட்ரோல் கார் நீலமாகப் புகைகிறது, ஆனாலும் புகைப் பரிசோதனையில் பாஸ். எப்படி?
– வாசகி, ஈரோடு

பெட்ரோல் வண்டிக்கு ஐடிலிங்கில் முக்கியமாகக் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும்தான் அளக்கிறார்கள். புகையின் அடர்த்தி பார்ப்பது டீசலுக்கு. சூடான இன்ஜின் சும்மா நிற்கும்போது ஆயில் அவ்வளவாக எரியாது, எண் எல்லைக்குள் வந்துவிடும். ஆனால் உங்கள் வண்டியில் புகையில் இருக்கும் நச்சு வாயுவைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இருந்தால் அது மெல்லச் சாகிறது. 1995 ஏப்ரலில் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புதுப் பெட்ரோல் கார்களுக்கு அது கட்டாயமானது, பிறகு எல்லா ஊருக்கும் வந்தது. ஆயிலில் இருக்கும் பாஸ்பரஸ் எரிந்து அதன்மேல் பூச்சு மாதிரி படியும். கன்வெர்ட்டர் விலையை விசாரித்துப் பாருங்கள், சீல் மாற்றும் செலவு சல்லிசாகத் தெரியும்.

புதுப்பேட்டையில் என் காருக்கு ஏற்ற பழைய இன்ஜின் விலைக்கு வருகிறது. போர் போடுவதைவிட அது லாபமா?
– வாசகர், ஆவடி

இன்ஜின் நம்பர் பிளாக்கில் அடித்திருக்கும், அதுதான் ஆர்.சி.யிலும் இருக்கும். உங்கள் பிளாக்கையே போர் போட்டால் நம்பர் மாறாது. வேறு இன்ஜின் வைத்தால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மாற்றிப் பதிய வேண்டும், அதற்கு ஒழுங்கான பில் வேண்டும். 15 வருடம் முடிந்து படிவம் 25 கொடுத்துப் புதுப்பிக்கப் போகும்போது நம்பரைப் பார்ப்பார்கள், அங்கே மாட்டிக்கொள்வீர்கள். பில் தரமாட்டேன் என்கிறவரிடம் எவ்வளவு சல்லிசாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

பில் தருகிறார் என்றால், தரையில் கிடக்கிற இன்ஜினைக் கையால் சுற்றிப் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். பிளக்கைக் கழற்றி ஈரம் பாருங்கள். டேப்பட் கவரைத் திறந்து உள்ளே தார் மாதிரி கசடு படிந்திருக்கிறதா பாருங்கள், படிந்திருந்தால் அந்த வண்டிக்காரர் ஆயில் மாற்றியதே இல்லை. செல்ஃபும் பேட்டரியும் வைத்துக் கம்ப்ரஷன் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். 'அதெல்லாம் வேணாம் சார், கேரண்டி' என்றால், உங்கள் பழைய பிளாக்கை ஒரு துணியில் சுற்றி லேத்துக்கு எடுத்துக்கொண்டு போங்கள்.